கடலைக் கணக்கெடுக்கும் வேலைக்கு ஆள் வேண்டும்

2012-இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி இறங்கியது. 2021-இல் இறங்கியது 3,297 டன். ஒன்பதே ஆண்டுகளில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. வலை போட்டவர், ஐஸ் உடைத்தவர், கூடை சுமந்தவர், தெருத்தெருவாகக் கூவி விற்ற பெண்கள் என்று அத்தனை பேர் வருமானத்திலும் அது கை வைத்தது.

மீன் எங்கே போனது? பிடித்தே தீர்த்துவிட்டோமா? கடல் சூடானதா? தென்மேற்குப் பருவத்தில் அடியிலிருந்து மேலே வரவேண்டிய குளிர்ந்த நீர் வராமல் போனதா? இதற்குப் பதில் தேடுவது ஒரு முழுநேர வேலை. அதற்குப் படிப்பு உண்டு, தேர்வு உண்டு, சம்பளம் உண்டு, ஆராய்ச்சிக் கப்பல்கூட உண்டு. ஆனால் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் மருத்துவ இடம் கிடைக்காதபோது கடைசி விருப்பமாகத்தான் மீன்வளப் பட்டப்படிப்பை எழுதிவைக்கிறார்கள். முதல் விருப்பமாக எழுதத் தகுந்த படிப்பு அது.

இந்தத் துறை ஒரே ஆளிடம் இரண்டு திறமைகளை எதிர்பார்க்கிறது. இறங்குதளத்தில் நின்று மீனை இனம் பிரித்து அளக்கத் தெரிய வேண்டும். பிறகு கணினி முன் உட்கார்ந்து அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். ஏதாவது ஒன்று தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்வது பற்றித்தான்.

ஏலத்துக்கு முன் அரை மணி நேரம்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போனது. நாட்டின் கடல் மீன் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவது இந்த நிலையம்தான். இந்தியக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதளங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. எனவே கரையை மண்டலங்களாகப் பிரித்து, தளத்தையும் நாளையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். களப்பணியாளர் முதல் நாள் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 வரை தளத்தில் இருப்பார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை மீண்டும் இருப்பார். இடைப்பட்ட இரவில் எத்தனை படகு வந்தது, என்ன மீன் இறங்கியது என்று விசாரித்து எழுதிக்கொள்வார். இப்படிச் சேரும் மாதிரிகளைப் பெருக்கித்தான் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் டன் கணக்கு வருகிறது.

எடையோடு வேலை முடிவதில்லை. எவ்வளவு நீளமுள்ள மீன் எத்தனை, அவற்றில் சினை வைத்தவை எத்தனை என்பதுதான் ஆய்வாளருக்கு உயிரான தகவல். குட்டி மீனாகவே இறங்கத் தொடங்கினால் அந்த இனம் தடுமாறுகிறது என்று பொருள். அளவை எடுப்பதற்கு ஒழுங்கு உண்டு. சூரை போன்ற மீன்களை மூக்கு நுனியிலிருந்து வாலின் கவை வரை அளப்பார்கள். பல மீன்களுக்கு வால் நுனி வரை. திருக்கைக்கு உடலின் அகலம், நண்டுக்கு ஓட்டின் அகலம். ஒருவர் கவை வரையும் இன்னொருவர் வால் நுனி வரையும் அளந்து ஒரே அட்டவணையில் சேர்த்துவிட்டால் அந்த மாதக் கணக்கு பாழ். அதனால் சேர்ந்த முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: இங்கே எந்த நீளம் எடுக்கிறீர்கள்?

அடுத்தது இனம் காணல். சென்னையில் கானாங்கெளுத்தி என்பதைத் தெற்கே அயிலை என்பார்கள். வஞ்சிரம் அங்கே நெய்மீன். ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டு, பக்கத்திலேயே அறிவியல் பெயரையும் எழுதும் பழக்கம் வேண்டும். சூடை வகைகளையும் காரல் வகைகளையும் பிரிக்கப் பழக ஒரு பருவமாவது ஆகும். இதைப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கற்க முடியாது. தரம் பிரிக்கும் அக்காக்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் கை வேகத்தில் இனம் பிரியும்.

தளத்தில் நடந்துகொள்ளும் முறையை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தருவதில்லை. மீன் இறங்கியதும் ஏலக்காரர், வியாபாரி, படகுக்காரர் மூவருக்குமே அவசரம். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அடையாள அட்டையை நீட்டி அதிகாரம் காட்டினால் மறுநாள் யாரும் கூடையைத் திறந்து காட்ட மாட்டார்கள். “அண்ணே, ஏலத்துக்கு முன்னாடி ஒரு இருபது மீன் அளந்துக்கவா?” என்று கேளுங்கள். அளந்ததை அதே கூடையில் அதே அடுக்கில் திருப்பி வையுங்கள். அறுத்துப் பார்க்க வேண்டிய மீனுக்குக் காசு கொடுத்து வாங்குங்கள். அதற்கான தொகையைத் திட்டச் செலவில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. எந்தக் கடலில், எத்தனை பாக ஆழத்தில் வலை போட்டார்கள் என்ற கேள்வியை ஏலம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வரும் பதில்தான் சரியான பதிலாக இருக்கும். இழுவை மடியில் வரும் சங்காயத்தையும் மறக்காமல் மாதிரி எடுங்கள். விலை போகாத அந்தக் குவியலில் விலை போகும் மீனின் குஞ்சுகள் எத்தனை என்பது இன்றைக்கு மிக முக்கியமான ஆராய்ச்சிக் கேள்வி.

மத்தி சொல்லித்தந்தது

மத்தி ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் மீன். நுண்பாசியைத் தின்று, சுமார் ஒரு வயதிலேயே பெருகத் தொடங்கி, இரண்டு மூன்று வயதுக்குள் வாழ்ந்து முடித்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையோரம் அடியிலிருக்கும் சத்து மிகுந்த குளிர்நீரை மேலே இழுத்துவரும்போது பாசி செழிக்கும், மத்தி செழிக்கும். 2015-ஐ ஒட்டி வலுவான எல் நினோ வந்தது, கடல் சூடானது, உணவும் குறைந்தது. 2012-இன் பெருக்கத்தை நம்பி வாங்கிய படகுகளும் வலைகளும் அதே வேகத்தில் மீன் தேடிக்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்து அடித்தன. பிறகு 2024-இல் நல்ல பருவமழை. குஞ்சுகள் பெருகின. 2025-இல் கரைக்கு வந்ததோ பெரும்பாலும் சிறிய மத்தி. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்ற விதி கேரளத்தில் இருக்கிறது. அந்த அளவைத் தீர்மானிக்க அடிப்படையாக இருந்தது, எந்த நீளத்தில் மீன் சினைக்கு வருகிறது என்று கரையில் அறுத்துப் பார்த்த வேலைதான்.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. முன்பு பெரும்பாலும் மலபார்க் கரையோடு நின்ற மத்தி, 1980-களின் பிற்பகுதிக்குப் பிறகு வடக்கேயும் கிழக்குக் கரையிலும் கணிசமாகக் கிடைக்கத் தொடங்கியது. கடல் சூடாவதோடு இதைத் தொடர்புபடுத்தி மத்திய கடல் மீன்வள நிலைய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பாம்பனிலும் நாகையிலும் மத்தி குவியும் காலத்தைக் குறித்துவைக்கிற ஒருவருடைய குறிப்பேடு பத்தாண்டு கழித்து ஆராய்ச்சிக் கட்டுரையாகும். மீனவ வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே பெரிய முன்னிலை உண்டு. கச்சானில் என்ன மீன், வாடையில் என்ன மீன், நீவாடு (நீரோட்டம்) மாறினால் வலை எங்கே நகரும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சு. அந்த அறிவைக் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிடாதீர்கள் என்பதை அழுத்தமாகச் சொல்வேன்.

ஒரு கணக்கும் அதன் கேள்விகளும்

இந்திய மீன் இருப்பு பற்றி 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டை மத்திய கடல் மீன்வள நிலையம் வெளியிட்டபோது, ஆராய்ந்த 135 மீன் இருப்புகளில் 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2025-இல் 2,570 இருப்புகளை ஆராய்ந்து, உலக அளவில் 64.5 விழுக்காடுதான் தாங்கும் அளவுக்குள் பிடிக்கப்படுகிறது என்றது. முதல் எண்ணைப் பார்த்து நிம்மதியடைகிறவர் ஆய்வாளராக முடியாது. இருப்பின் எல்லையை எப்படி வகுத்தார்கள், படகுகளின் உழைப்பை எப்படி அளந்தார்கள், எந்த ஆண்டை அடித்தளமாக வைத்தார்கள், பெரிய மீனை நீளத்தைக் கொண்டு மதிப்பிட்டார்களா வயதைக் கொண்டா என்று கேட்க வேண்டும். வெப்பக்கடல் மீனுக்கு வயது பார்ப்பது கடினம். குளிர்நாட்டு மீனின் செவிக்கல்லில் ஆண்டு வளையம் தெளிவாக விழும். இங்கே அது மங்கல். அதனால் செவிக்கல்லை மெல்லியதாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் நாள் வளையங்களை எண்ணுகிறார்கள். பொறுமையுள்ள கைகளுக்கு இந்த வேலை எப்போதும் காத்திருக்கிறது.

கணக்குப் போடும் பகுதிக்கு வருவோம். ஆர், பைத்தான் இரண்டும் இலவசம். ஆர் மொழியில் மீன் வளர்ச்சி, இறப்பு வீதம், இருப்பு மதிப்பீடு ஆகியவற்றுக்கான தொகுப்புகள் தயாராக இருக்கின்றன. உயிரியல் படித்தவர்கள் புள்ளியியலைக் கண்டு ஒதுங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டால் வாழ்க்கை வேறு திசையில் போகும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். கடல் மேற்பரப்பு வெப்பநிலையின் நாள்வாரித் தரவு 1981 செப்டம்பரிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது; அமெரிக்காவின் நோவா நிறுவனம் வெளியிடுகிறது. மன்னார் வளைகுடாவுக்கு உரிய பகுதியை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் எவ்வளவு சூடு ஏறியது என்று வரைந்து பாருங்கள். வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக நான்கு வாரம் நீடித்தால் பவளம் வெளிறத் தொடங்கும். எட்டு வாரம் நீடித்தால் சாவு பரவும். 2010, 2016, 2024 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளிறின. உங்கள் வரைபடத்தில் அந்த ஆண்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். இந்த ஒரு வரைபடத்தை நேர்காணலுக்குக் கையோடு கொண்டுபோகிற மாணவர் மற்றவர்களைவிட ஒரு படி முன்னே நிற்பார்.

அடுத்த படிக்கு ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைகள் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்தபடி, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே ஏறும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. அந்தத் தரவும் எல்லாருக்கும் பொது.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இந்த வகைத் தரவுகளைக் கொண்டுதான் மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. கடலில் வெப்பம் சட்டென்று மாறும் கோடும் பாசி நிறம் அடர்ந்திருக்கும் பகுதியும் சேரும் இடமே அந்த அறிவிப்பின் அடிப்படை. 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளின் கருவி 13 அலைவரிசைகளில் கடல் நிறத்தைப் பார்க்கிறது. இயற்பியல், கணிதம், தொலையுணர்வு படித்தவர்களுக்கு மீன்வளத்துக்குள் நுழைய இது நேர்வழி. இன்காய்ஸ் வளாகத்திலேயே இயங்கும் பன்னாட்டுப் பயிற்சி மையத்தின் குறுகிய காலப் பயிற்சி அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். அறிவிப்பு வருகிறதே, மீனவருக்குப் பயன்பட்டதா, டீசல் மிச்சமானதா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு அளக்கும் ஆய்வுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. தமிழில் சரளமாகப் பேசிக் குறிப்பெடுக்கத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும்.

பொறியாளர்களுக்குச் சென்னைப் பள்ளிக்கரணை. 1993-இல் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அங்கே இயங்குகிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் மத்ஸ்யா-6000 கலம் அங்கே உருவாகிவருகிறது. 2025 ஆகஸ்டில் அதற்கான பயிற்சியாக, பிரான்சின் ‘நோட்டில்’ (Nautile) கலத்தில் இந்தியர் இருவர் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். ஒருவர் 5,000 மீட்டரைத் தாண்டினார். இயந்திரவியல், மின்னணுவியல், உலோகவியல் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

வளர்ப்பில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தனியார் வேலை அதிகம். இறால் குஞ்சுப் பொரிப்பகம், தீவன நிறுவனம், நோய் கண்டறியும் பிசிஆர் கூடம் எல்லாம் பட்டதாரிகளை எடுக்கின்றன. சம்பளம் ஆராய்ச்சி உதவித்தொகையைவிடக் குறைவாகத் தொடங்கலாம், உழைப்பு இரவு பகல் பார்க்காது. ஆனால் ஒரு பொரிப்பகத்தில் முழுப் பருவம் வேலை பார்த்தவருக்கு நீரின் தரம் பற்றி இருக்கும் அறிவு வேறு. ஆராய்ச்சிப் பக்கம் பார்த்தால், சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் 1997-இல் கொடுவாவைக் கூடத்தில் இனப்பெருக்கம் செய்தது. மண்டபத்தில் 2010-இல் கடல்விரால் குஞ்சு பொரித்தார்கள்.

எந்தக் கதவு யாருக்கு

தமிழ்நாட்டில் நேர்வழி, தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம். பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் 2012 முதல் இருக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரி 1977-லேயே தொடங்கியது. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், நீட் தேவையில்லை. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடம் உண்டு. மீனவர் பிள்ளைகளுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். பட்டம் முடித்தால் டிஎன்பிஎஸ்சி வழியாக மாநில மீன்வளத் துறைப் பணிகளுக்கு எழுதலாம். முதுகலைக்கு மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிலையம் பெரிய இடம். அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு.

விலங்கியலோ நுண்ணுயிரியலோ படித்துவிட்டீர்கள் என்றால் கவலை வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையம், அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவை முதுகலைக்கு வழி தருகின்றன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் பவள ஆய்வுக்குப் பெயர் பெற்றது. பவளம், கடற்புல், ஆவுளியா (கடற்பசு) பக்கம் போக விரும்புகிறவர்கள் நீச்சலையும் ஸ்கூபா பயிற்சியையும் முதுகலைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கடற்புல் வரைபட வேலை இனிப் பெருகத்தான் செய்யும்.

நிரந்தர விஞ்ஞானிப் பணிக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் தேர்வு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இடங்கள் குறைவு, சில ஆண்டுகள் அறிவிப்பே வராது. ஆகவே பெரும்பாலோர் திட்டப் பணியாளராகத் தொடங்குகிறார்கள். நெட் அல்லது கேட் தகுதி பெற்ற இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை மறைத்து யாரையும் இந்தத் துறைக்கு அழைக்கக் கூடாது. வீட்டில் உடனடிப் பணத்தேவை இருந்தால் மாநிலத் துறைப் பணியையோ தனியார் வேலையையோ முதலில் பிடித்துக்கொண்டு, பகுதிநேரமாக ஆய்வுக்கு வருவது தவறில்லை.

கப்பலிலும் கூடத்திலும்

1984-இல் டென்மார்க்கில் கட்டிய சாகர் சம்பதா ஆராய்ச்சிக் கப்பலில் இடம் கிடைத்தால் போய்வாருங்கள். முதல் இரண்டு நாள் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம். கப்பல் மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வெறும் வயிற்றில் இருக்காதீர்கள். வேலை முறைவைத்து நடக்கும்; நள்ளிரவிலும் நீர் மொள்ளும் கருவி இறங்கும். மாதிரிக் குப்பியின் வெளியே மட்டும் எழுதாதீர்கள். மை கரையும், ஒட்டுத்தாள் உரியும். நீர்படாத தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயும் ஒன்று போடுங்கள். நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், எடுத்தவர் பெயர். மரபணு ஆய்வுக்கு எடுக்கும் சதையை ஃபார்மலினில் போட்டால் மரபணு சிதைந்து போகும்; அதற்கு எத்தனால். கரைக்கு வந்தபின் திருத்த முடியாத பிழைகள் இவை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தளம் வெறிச்சோடும். அந்த இரண்டு மாதத்தைத் தரவுகளைச் சரிபார்க்கவும் செவிக்கல் பார்க்கவும் எழுதவும் ஒதுக்குங்கள். நாட்டுப்படகுகளின் பிடிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெப்பக்கடல் மீன்கள் பல ஆண்டு முழுக்கவே முட்டையிடுகின்றன என்பதால், தடைக்காலம் எந்த மாதங்களில் இருக்க வேண்டும் என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. அந்த விவாதத்தில் பேச உங்களிடம் பன்னிரண்டு மாதத் தரவு இருக்க வேண்டும்.

பெண்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. பல தளங்களில் கழிப்பறை வசதி இல்லை. வேலையோ விடியுமுன் தொடங்குகிறது. திட்டத்தில் வாகனமும் இருவராகப் போகும் ஏற்பாடும் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். இது சலுகை கேட்பதாகாது. களப்பணிச் செலவில் அடங்க வேண்டிய அடிப்படை இது. தராத திட்டத்தின் தலைவர் தன் திட்டத்தைச் சரியாக எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

நேர்காணலில் நீங்களும் சில கேள்விகள் கேட்கலாம், கேட்க வேண்டும். திட்டம் எந்த மாதம் முடிகிறது? நான் சேர்க்கும் தரவு எங்கே சேமிக்கப்படும், திட்டம் முடிந்த பிறகு எனக்கு எட்டுமா? கட்டுரையில் என் பெயர் எந்த இடத்தில் வரும்? முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய அனுமதி உண்டா? கடைசியாக ஒன்று: அளவெடுத்த ஊர்களுக்கு முடிவுகளைத் தமிழில் திருப்பிச் சொல்லத் திட்டத்தில் நாளும் பணமும் ஒதுக்கியிருக்கிறீர்களா? ஒதுக்கவில்லை என்றால், அந்தக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டில் அதே தளத்துக்குப் போகும்போது, நீங்கள் கேட்காமலே கூடையை இழுத்து முன்னால் வைப்பார்கள்.